ஒரு சவரனா, இரண்டு சவரனா: ஓ'கானர், கீத், ஒரு ரைபிள் குண்டின் எடை

நகைக்கடைக் கணக்கில் ஒரு சவரன் 8 கிராம். அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே பல பத்தாண்டுகள் நடந்த ஒரு வழக்கைத் தமிழில் சொல்ல இந்தக் கணக்கு எனக்குக் கைகொடுக்கிறது. 130 கிரெயின் எடையுள்ள ரைபிள் குண்டு போதும் என்றது ஒரு தரப்பு. அது 8.4 கிராம், ஒரு சவரனுக்குச் சற்றே மேல். எல்க் மானைப் போன்ற பெரிய விலங்கின் பின்னால் போகிறவன் 250 கிரெயின் குண்டையாவது எடுத்துப்போக வேண்டும் என்றது எதிர்த்தரப்பு. அது 16.2 கிராம், முழுதாக இரண்டு சவரன்.

முதல் தரப்பின் குரல் ஜாக் ஓ'கானர். அவருடைய தோட்டா .270 வின்செஸ்டர். இரண்டாம் தரப்பின் குரல் எல்மர் கீத். அவர் ஆண்டுக்கணக்கில் வாதாடியதன் பலனாகக் கருதப்படும் தோட்டா .338 வின்செஸ்டர் மேக்னம் (மேக்னம் என்றால் வழக்கத்தைவிட வலிமை கூடிய தோட்டா). இருவரும் பத்திரிகைகளில் எழுதிப் பெயர் பெற்றவர்கள். இருவரும் ஐடஹோ மாநிலத்தில் குடியிருந்தவர்கள், ஓ'கானர் லூயிஸ்டன் நகரில், கீத் சாமன் என்ற சிற்றூரில். ஒருவர் எழுதியதை மற்றவர் சகித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டு தோட்டாக்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் இங்கே என் வேலை. உலோகத்தையும் வெடிமருந்தையும் மட்டும் ஒப்பிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். கடையில் பணம் கொடுத்த வேட்டைக்காரன் இரண்டையும் மலையில் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்கவில்லை. படித்துவிட்டு வாங்கினான். என் முடிவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு எழுத்தாளர்களும் தாம் கண்டதை உண்மையாகவே எழுதினார்கள். வாசகர்கள் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த எண் பிறந்த மலையையும் விலங்கையும் பத்திரிகைப் பக்கத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

எண் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் விதம்

நான் ரைபிளைக் கையில் எடுத்ததில்லை. ஆனாலும் .405 என்ற எண் பள்ளி நாளிலேயே எனக்கு மனப்பாடம். காரணம் கென்னத் ஆண்டர்சன். ஜவளகிரி, பென்னாகரம், தேன்கனிக்கோட்டை என்று நம் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்த அந்தப் பெங்களூர்க்காரர், தம் .405 வின்செஸ்டரை ஒரு கூட்டாளியைப் போலக் கதைதோறும் கூட்டிவந்தார். 1904 இல் வந்த தோட்டா அது. 300 கிரெயின் குண்டு, வினாடிக்கு 2,200 அடி வேகம். அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909 இல் அதைக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய், சிங்கத்துக்கு அதுதான் மருந்து என்று எழுதியிருந்தார்.

இந்தியாவில் 1972 இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக் காலத்தை முடித்துவைத்தது. அது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சுடவே போகாத ஒரு பையனின் மனத்திலேயே ஓர் எண் இப்படிக் குடியேறுகிறது என்றால், வரும் குளிர்காலத்துக்குள் ஒரு ரைபிள் வாங்கியாக வேண்டும் என்று காசு சேர்த்துக்கொண்டிருக்கும் பென்சில்வேனியத் தொழிலாளியின் மனத்தில் அது என்ன செய்யும்?

படிப்பதற்கு முன் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். காலிபர் என்பது குழலின் உள்விட்டம். .270 என்றால் ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 270 பங்கு. தோட்டா என்று நான் சொல்வது பித்தளைக் கூடு, வெடிமருந்து, முனையில் செருகிய குண்டு எல்லாம் சேர்ந்தது. குழலை விட்டுப் பறந்து போவது குண்டு மட்டுமே.

ஓ'கானரின் ஒரு சவரன்

1925 இல் வின்செஸ்டர் நிறுவனம் மாடல் 54 என்ற ரைபிளோடு .270 தோட்டாவை வெளியிட்டது. ராணுவத்தின் .30-06 தோட்டாக் கூட்டின் கழுத்தைச் சுருக்கி, மெலிந்த குண்டைச் செருகியதுதான் அதன் பிறப்பு. 130 கிரெயின் குண்டு வினாடிக்கு 3,140 அடி வேகத்தில் போகும் என்று விளம்பரம் சொன்னது. பிற்காலத்தில் அந்தக் கணக்கு 3,060 அடியாக இறங்கியது. அன்றைய வேட்டைக்காரனுக்கு இதுவே கற்பனைக்கு எட்டாத வேகம். ஆனால் வேகம் மட்டும் ஒரு தோட்டாவைக் காப்பாற்றிவிடாது. .30-06 க்கு முதல் உலகப் போரின் பெயர் இருந்தது. கர்னல் டவுன்செண்ட் வீலன் போன்ற மதிப்புமிக்க எழுத்தாளரின் ஆதரவும் இருந்தது. பழைய .30-30 நெம்புகோல் ரைபிள் ஏற்கெனவே ஏராளமான வீடுகளில் இருந்தது. .270 க்கு ராணுவப் பரம்பரையும் இல்லை, பாட்டன் வழிப் பழக்கமும் இல்லை. அதற்கு ஒரு வக்கீல் தேவைப்பட்டார்.

ஓ'கானர் 1902 இல் அரிசோனாவின் நோகாலஸ் ஊரில் பிறந்தவர். ஆங்கில ஆசிரியர், அரிசோனா பல்கலைக்கழகத்தின் முதல் இதழியல் பேராசிரியர், நாவல்களும் எழுதியவர். .270 வெளிவந்த உடனேயே ஒன்றை வாங்கிவிட்டார். 1941 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் 'அவுட்டோர் லைஃப்' மாத இதழில் துப்பாக்கிப் பகுதி அவர் கையில் இருந்தது.

அவர் எழுத்தின் வலிமை எதில் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் தோட்டாவைப் பற்றி எழுதத் தொடங்குவதே மலையைப் பற்றி எழுதித்தான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, சரளைக் கற்கள் காலடியில் எப்படி நழுவுகின்றன, எதிர்ச் சரிவில் படுத்திருக்கும் பெருங்கொம்பு ஆட்டின் கொம்பு எத்தனை சுற்றுச் சுற்றியிருக்கிறது என்று நம்மை முதலில் அங்கே உட்காரவைத்துவிடுவார். மூச்சு வாங்கிக்கொண்டு நாமும் ஒரு பாறைமேல் சாய்ந்த பிறகுதான் .270 வெடிக்கும். அதற்குள் அது நம் கையிலிருக்கும் ரைபிளாகிவிட்டிருக்கும். நாவலாசிரியனின் வித்தை இது.

வித்தையின் அடியில் சரக்கும் இருந்தது. ஆடு வேட்டை நடக்கும் இடம் மரமற்ற உயர்மலை. கிட்டே போக முடியாது. அந்தக் காலத்தில் லேசர் தூரமானியும் கிடையாது. கண்ணால் மதிப்பிட்டு 200 கஜம் என்று நினைத்தது உண்மையில் 280 ஆக இருக்கலாம். மெதுவாகப் போகும் கனத்த குண்டு அந்த 80 கஜ வித்தியாசத்தில் கணிசமாகத் தாழ்ந்து, காலில் பட்டு விலங்கை ஊனமாக்கிவிடும். ஓ'கானர் தம் வாசகர்களுக்குச் சொன்ன வழி எளிமையானது. 100 கஜத்தில் குண்டு குறிக்கு மூன்று அங்குலம் மேலே படும்படி, ரைபிள்மேல் பொருத்திய தொலைநோக்கியைச் சரிசெய்துகொள். அப்படிச் செய்தால் .270 இன் குண்டு சுமார் 275 கஜத்தில் குறியை மீண்டும் தொடும். 300 கஜத்தைத் தாண்டும்வரை மேலும் கீழுமாக ஏறத்தாழ நான்கு அங்குலத்துக்குள்ளேயே இருக்கும். ஆட்டின் நெஞ்சுக்கூடு ஓர் அடிக்கு மேல் ஆழம். நெஞ்சின் நடுவைப் பார்த்துச் சுட்டால் போதும், தூரத்தைத் தவறாக மதிப்பிட்டாலும் குண்டு நெஞ்சுக்குள்தான் இறங்கும்.

எந்த விலங்கியல் பாடமும் படிக்காத ஒருவன்கூட இதைப் பின்பற்ற முடியும். நல்ல ஆசிரியரின் அடையாளம் அதுதான்.

கீத்தின் இரண்டு சவரன்

எல்மர் கீத் 1899 இல் மிசௌரியில் பிறந்தவர். மொன்டானாவின் மிசூலா நகரில் சிறுவயதில் ஒரு ஹோட்டல் தீ விபத்தில் சிக்கி, கை வெந்து, பிழைத்தெழுந்தவர். பண்ணைக்காரர். ஐடஹோவின் அடர்ந்த ஊசியிலைக் காடுகளில் வேட்டை வழிகாட்டியாகக் குதிரைகளில் மூட்டை கட்டிப் போனவர். இரண்டாம் உலகப் போரின்போது யூட்டா மாநிலத்தின் ஆக்டன் படைக்கலச் சாலையில் ரைபிள்களைச் சோதித்தவர். கைத்துப்பாக்கி உலகில் .44 மேக்னம் என்ற பெயரே இவருடைய வற்புறுத்தலோடு சேர்த்துத்தான் பேசப்படுகிறது.

இவருடைய உரைநடை ஓ'கானருடையதைப் போல ஓடாது. சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கும் கிராமத்துப் பெரியவரின் பேச்சு அது. இந்த இடத்தில், இந்த விலங்கை, இந்தக் குண்டால் சுட்டார்கள், இங்கே நுழைந்தது, இங்கே நின்றுவிட்டது, விலங்கு தப்பி ஓடியது, மறுநாள் நான்தான் தேடிப் போனேன். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். வழிகாட்டியின் கோபம் அதில் தெரியும். சுட்டவன் ஊருக்குப் போய்விடுவான். அடிபட்ட விலங்கின் இரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு பனியில் நடப்பவன் வழிகாட்டி. அந்த நடையை நடந்தவர் எழுதிய எழுத்து என்பதால்தான் அதன் கரடுமுரடு எனக்கு உறுத்துவதில்லை.

அவருடைய காட்டில் நிலைமையே வேறு. எல்க் ஆண் மான் 300 கிலோவைத் தொடும். அடர்ந்த மரங்களுக்கிடையே அது தென்படுவது சில வினாடிகள்தான், பெரும்பாலும் திரும்பி ஓடும் நிலையில். பக்கவாட்டில் நின்று நெஞ்சைக் காட்டும் ஆட்டைப் போல அது நிற்காது. பின்பக்கத்திலிருந்து சாய்வாகச் சுட்டால், குண்டு முதலில் தொடைத் தசையைக் கடக்க வேண்டும், பிறகு ஈரப் புல் அடைந்து கிடக்கும் பெரிய இரைப்பையைக் கடக்க வேண்டும், அதன்பிறகே நுரையீரல். நனைந்த வைக்கோற்போருக்குள் கம்பியைச் செருகிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மெல்லிய செம்பு உறை போட்ட 130 கிரெயின் குண்டு அந்த வேகத்தில் தொடையிலேயே சிதறிவிடும் என்பது கீத்தின் வாதம். .338 இன் 250 கிரெயின் குண்டு வினாடிக்கு சுமார் 2,660 அடி வேகத்தில்தான் போகும். ஆனால் அது நீண்டது, கனமானது, சிதறாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

எண்களும் அவர் பக்கம் ஒரு சாட்சி சொல்கின்றன. பவுண்டில் குண்டின் எடையை, அங்குலத்தில் அதன் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால், தன் பருமனுக்கு அது எவ்வளவு எடையைச் சுமந்துபோகிறது என்று தெரியும். ஒரே மாதிரிக் கட்டப்பட்ட குண்டுகளில் இந்த அளவு கூடக்கூட ஊடுருவல் கூடும். .270 இன் 130 கிரெயின் குண்டுக்கு இது 0.242. .338 இன் 250 கிரெயின் குண்டுக்கு 0.313.

கீத் காத்திருக்கவில்லை. ஓ'நீல், ஹாப்கின்ஸ் என்ற இரு நண்பர்களோடு சேர்ந்து .30-06 கூட்டின் கழுத்தை விரித்து .333 ஓ.கே.எச். என்ற தோட்டாவைத் தாமே செய்துகொண்டார். மூவரின் பெயர்களின் முதலெழுத்துகள்தான் அந்த ஓ.கே.எச். வின்செஸ்டர் 1958 இல் .338 மேக்னத்தை வெளியிட்டபோது, கீத்தைப் படித்து வந்தவர்களுக்கு அது புதுத் தோட்டாவாகவே தோன்றியிருக்காது.

தோளில் விழும் உதை

இந்த ஒப்பீட்டில் மிகவும் கனமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

வழக்கமான எடையுள்ள ரைபிளில் .270 இன் பின்னுதைப்பு சுமார் 17 அடி-பவுண்டு. .338 மேக்னத்தில் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு. குண்டின் எடை இரண்டு சவரன் என்றால் தோளுக்கு வரும் கணக்கும் இரண்டு மடங்கு. இதற்கு உடம்பு கொடுக்கும் பதில் மனத்தின் கட்டுப்பாட்டில் இல்லை. விசையை இழுக்கும் கணத்துக்கு ஒரு நொடி முன்பே கண் மூடிக்கொள்ளும், தோள் சுருங்கும், குழல் முனை ஒரு மயிரிழை நகரும். மயிரிழை நகர்வு 200 கஜத்தில் ஒரு சாண் விலகலாகிவிடும். ஆண்டுக்கு ஒரு பெட்டித் தோட்டா மட்டும் சுடும் சாதாரண வேட்டைக்காரனுக்கு இந்தச் சுருக்கம் ஒருநாளும் போகாது.

கீத் வாழ்நாள் முழுக்கச் சுட்டுக்கொண்டே இருந்தவர். அவர் தோளுக்கு .338 ஒரு பொருட்டே இல்லை. தம் தோளை வாசகனின் தோளாக எண்ணிக்கொண்டதுதான் அவர் எழுத்தின் குறை. ஓ'கானர் வாசகனின் தோளை அறிந்திருந்தார். சரியான இடத்தில் பட்ட சிறிய குண்டு, தவறான இடத்தில் பட்ட பெரிய குண்டைவிட மேல் என்று அவர் எழுதியதெல்லாம் இந்த அறிவின் மேல் நிற்கிறது. இந்த ஒரு விஷயத்தில் என் வாக்கு தயக்கமில்லாமல் ஓ'கானருக்கே.

அதேபோல, ஓ'கானரை .270 பக்தர் என்று மட்டும் நினைப்பது அவருக்குச் செய்யும் அநீதி. .30-06 பலவகை வேட்டைக்கும் ஏற்றது என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆப்பிரிக்காவில் பெரிய விலங்குகளுக்கு .375 மேக்னத்தை எடுத்துப்போனார். இதெல்லாம் அவர் எழுத்தில் இருக்கிறது. ஆனால் வாசகன் நினைவில் தங்கியது ஆடும் மலையும் .270 உம்தான்.

வழக்கின் உள்ளே ஒளிந்திருந்த குண்டு

1946 இல் ஜான் நாஸ்லர் என்ற ஓரிகன் மாநிலத்துக்காரர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸ் கடமானைச் சுட்டார். கையில் இருந்தது .300 ஹெச். அண்டு ஹெச். மேக்னம், சிறிய தோட்டாவே அல்ல. சேறு காய்ந்து அப்பியிருந்த தோலில் பட்ட குண்டுகள் மேலோட்டமாகவே சிதறிவிட்டன. நாஸ்லர் வீடு திரும்பிப் புதிய குண்டு ஒன்றைச் செய்தார். 1948 முதல் பார்டிஷன் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது.

அந்தக் குண்டை நெடுக்காக அறுத்த படத்தைப் பார்த்தால் அதன் யோசனை உடனே விளங்கும். செம்பு உறைக்குள் நடுவே குறுக்காக ஒரு சுவர், மேல்மாடி கீழ்மாடி போல. மேலறையிலும் ஈயம், கீழறையிலும் ஈயம். விலங்கின்மேல் பட்டதும் மேலறை காளானைப் போல விரிந்து காயத்தை அகலமாக்கும். சுவர் அங்கேயே தடுத்துவிடுவதால் கீழறை குலையாமல் உள்ளே ஊடுருவிக்கொண்டு போகும். விரிவதா, ஊடுருவுவதா என்ற கேள்விக்கு ஒரே குண்டில் இரண்டு பதில்.

என்னைப் பொறுத்தவரை ஓ'கானர்–கீத் வழக்கின் உண்மையான தீர்ப்பு இந்தச் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது. கீத் கண்ட தோல்விகள் கற்பனை அல்ல. மெலிந்த உறைக் குண்டுகள் எல்க் மானில் சிதறத்தான் செய்தன. ஆனால் குற்றவாளி காலிபர் இல்லை, குண்டின் கட்டுமானம். கட்டுமானம் சரியான பிறகு .270 எல்க் மானுக்கும் போதும் என்ற நிலை வந்தது. இதை அன்றே இரு தரப்பும் ஒருசேரச் சொல்லியிருந்தால் வேட்டைக்காரர்கள் கடைக்குப் போய் எந்த எண் என்று கேட்காமல் எந்தக் குண்டு என்று கேட்டிருப்பார்கள். எண்ணைச் சொல்லிச் சண்டை போடுவது எளிது. உள்ளே இருக்கும் சுவரைப் பற்றி இரண்டு கட்சி கட்ட முடியாது.

.270 பெற்ற பரவலான வெற்றிக்கு ஓ'கானரின் பேனா மட்டும் காரணம் என்றும் நான் சொல்லமாட்டேன். 1936 இல் வந்த வின்செஸ்டர் மாடல் 70 அருமையான ரைபிள். விலை குறைந்த தொலைநோக்கிகள் 1930களில் சாதாரண வேட்டைக்காரனுக்கும் கிடைக்கத் தொடங்கின. போர் முடிந்ததும் 20 மி.மீ. பீரங்கிகளுக்காகச் செய்த 4831 என்ற வெடிமருந்து உபரியாக மலிவு விலைக்கு வந்தது. மெதுவாக எரியும் அந்த மருந்து .270 கூட்டுக்கு அளந்து செய்தது போலப் பொருந்தியது. ஆனால் அந்தப் பொருத்தத்தை வீட்டில் தோட்டா நிரப்பிக்கொள்ளும் வாசகர்களுக்குக் கொண்டுசேர்த்தவரும் ஓ'கானர்தான்.

ஆப்பிரிக்காவில் அதே வழக்கு

இதே சண்டை யானை வேட்டையில் இன்னும் கூர்மையாக நடந்தது. ஒரு பக்கம் எடின்பரோ அருகே 1880 இல் பிறந்த டபிள்யூ.டி.எம். பெல். மறுபக்கம் டப்ளினில் பிறந்த ஜான் டெய்லர்.

பெல் தம் கணக்கின்படி ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். அந்த எண்ணை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. அவற்றில் பெரும்பகுதியை அவர் கொன்றது .275 ரிக்பி என்று பிரிட்டனில் அழைக்கப்பட்ட 7×57 மவுசர் தோட்டாவால். மான் வேட்டைக்கென்று சொல்லப்படும் அளவு. யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் எங்கே குறி வைக்க வேண்டும் என்று படித்துக்கொண்டார். ஜெர்மன் 7 மி.மீ. தோட்டாக்கள் வெடிக்காமல் ஏமாற்றியதில்லை என்பதும் அவர் தேர்வுக்கு ஒரு காரணம். முகத்துக்கு நேரே அபாயம் நிற்கும்போது காலிபரைவிட இது பெரிய விஷயம்.

டெய்லர் 1948 இல் ஆப்பிரிக்க ரைபிள்களைப் பற்றி எழுதிய நூலில் ஒரு சூத்திரத்தை முன்வைத்தார். குண்டின் எடை, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கினால் வருவது அதன் வீழ்த்தும் மதிப்பு. எடையை பவுண்டிலும் விட்டத்தை அங்குலத்திலும் வைத்து நான் போட்டுப் பார்த்த கணக்கு இது. பெல்லின் 7×57 க்கு சுமார் 16. ஓ'கானரின் .270 க்கும் ஏறக்குறைய அதே 16. கீத்தின் .338 க்கு 32. .375 மேக்னத்துக்கு 41. இரட்டைக்குழல் .470 நைட்ரோ எக்ஸ்பிரஸுக்கு 73.

டெய்லரின் சூத்திரம் மூளையைத் தப்பவிட்டவனுக்கானது. குண்டு மூளையில் படாமல் அருகே போனாலும், கனத்த குண்டின் அதிர்ச்சி யானையைக் கீழே தள்ளி, வேட்டைக்காரனுக்கு இரண்டாவது வாய்ப்புத் தரும் என்பது அவர் அனுபவம். பெல்லின் முறையோ தப்பவே விடாதவனுக்கானது. பெல்லைப் படித்துவிட்டு, மண்டையோட்டை அறுத்துப் பார்க்காமல் சிறிய ரைபிளை மட்டும் எடுத்துக்கொண்டு யானையின் முன் போய் நிற்பவன் தன்னையும் கெடுத்து யானையையும் வதைப்பான். பெரிய விலங்குகளுக்கு .375 போன்ற ஒரு குறைந்தபட்ச அளவைப் பல ஆப்பிரிக்க நாடுகளின் வேட்டைச் சட்டங்கள் விதித்தன. டெய்லரின் பக்கம்தான் பொதுமக்களுக்கான பக்கம். இந்த வழக்கில் நான் பெரிய குண்டுக்கு வாக்களிக்கிறேன். அமெரிக்க மலையில் சிறியதற்கும் ஆப்பிரிக்கப் புதரில் பெரியதற்கும் வாக்களிப்பது முரண்பாடு என்று யாராவது சொன்னால், விலங்கு திரும்பித் தாக்குமா என்ற ஒரே கேள்வியை வைத்துப் பாருங்கள் என்பேன்.

பேனா வென்ற இடமும் தோற்ற இடமும்

1955 இல் இரண்டு நிறுவனங்கள் ஒரே விட்டத்தில் இரண்டு தோட்டாக்களை வெளியிட்டன. வின்செஸ்டரின் .243, ரெமிங்டனின் .244. 'ஃபீல்ட் அண்டு ஸ்ட்ரீம்' இதழின் வாரன் பேஜ் அந்த 6 மி.மீ. அளவுக்காக ஏற்கெனவே எழுதி வந்தவர், ஆகவே களம் தயாராக இருந்தது. ஆனால் ரெமிங்டன் தன் குழலின் உள்ளே வெட்டிய திருகு வரி 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அது 90 கிரெயின் வரையிலான குண்டைத்தான் நிலையாகச் சுழலவைக்கும். வின்செஸ்டர் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்தது. அதில் 100 கிரெயின் குண்டும் நேராகப் போகும். இந்த 10 கிரெயின் வித்தியாசம் ஒரு கிராமில் மூன்றில் இரண்டு பங்குகூட வராது. ஆனால் .243 மானுக்கும் ஆகும், .244 சிறு பிராணிகளுக்கு மட்டும்தான் என்ற பேச்சு ஒருமுறை பரவியபின் .244 எழவே இல்லை. 1963 இல் திருகு வரியைத் திருத்தி 6 மி.மீ. ரெமிங்டன் என்று புதுப்பெயர் வைத்தும் பயனில்லை.

1962 இல் வந்த 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் வேறு கதை. வயோமிங்கில் வேட்டை முகாம் நடத்தியபடி எழுதிவந்த லெஸ் போமன் அதன் உருவாக்கத்திலேயே பங்கு கொண்டவர். தோட்டா உடனே ஓடியது.

பேனாவுக்கும் எல்லை உண்டு என்பதற்கு .280 ரெமிங்டன் சாட்சி. 1957 இல் வந்தது. .270 ஐப் போலவே .30-06 குடும்பம், குண்டு ஒரு மயிரிழை தடிமன், அவ்வளவுதான். ஓ'கானருக்குப் பின் 'அவுட்டோர் லைஃப்' இதழில் அவர் இடத்துக்கு வந்த ஜிம் கார்மைக்கேல் இதை மனதாரப் பாராட்டினார். ஆனாலும் .270 ஐ அது அசைக்கவில்லை. தானியங்கி ரைபிளுக்காக அழுத்தத்தைக் குறைத்து நிரப்பியது ஒரு காரணம். 1979 இல் பெயரை மாற்றி, குழப்பம் தாங்காமல் பழைய பெயருக்கே திரும்பியது இன்னொரு காரணம். எல்லாவற்றுக்கும் மேலாக, 32 ஆண்டுகள் முன்னால் ஓடத் தொடங்கிய ஒன்றைப் பிடிப்பது கடினம். அந்த 32 ஆண்டுகளில் பாதிக்கு ஓ'கானர் அந்த இதழில் மாதந்தோறும் எழுதியிருந்தார்.

எலினாரின் ரைபிள்

மவுசரின் 7×57 தோட்டா 1892 இல் பிறந்தது, .270 க்கு 33 ஆண்டுகள் மூத்தது. பெல் யானைகளின் மூளையைத் தேடியது இதனால். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை வீழ்த்தியதற்காக ஐக்கிய மாகாண அரசின் தலைவர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசளித்த ரிக்பி ரைபிளும் இதே தோட்டாவுக்கானது. 1926 மே மாதத்து இருட்டில் ருத்ரபிரயாகையின் சிறுத்தையை அவர் சுட்டதும் அந்த ரைபிளால்தான். வேகத்திலும் தட்டையான பாய்ச்சலிலும் .270 முந்தும். உதையில் 7×57 மென்மையானது. பக்கவாட்டில் நிற்கும் மானுக்கோ ஆட்டுக்கோ இரண்டும் தரும் முடிவு ஒன்றுதான்.

ஓ'கானரின் வீட்டிலேயே இதற்கு ஒரு சாட்சி இருந்தார். அவர் மனைவி எலினார். கணவரோடு அமெரிக்க மலைகளிலும் ஆப்பிரிக்காவிலும் வேட்டையாடியவர், குறி தவறாதவர் என்று கணவராலேயே பாராட்டப்பட்டவர். அவர் கையில் பிரியமாக இருந்தது 7×57. .270 ஐ உலகத்துக்குச் சொன்ன மனிதரின் பக்கத்தில் நடந்த அந்த அம்மையார், தமக்குப் பழகிய ரைபிளை மாற்றிக்கொள்ளவில்லை. மாதப் பத்தி எதுவும் அவர் பெயரில் வரவில்லை. வின்செஸ்டர் மாடல் 70 ஐ 7×57 இலும் கொஞ்சகாலம் செய்து பார்த்தது. வாங்க ஆள் குறைவாக இருந்ததால் நிறுத்திவிட்டது.